எண்ணெய் மிதந்தது, அம்மோனியா கரைந்தது

“எண்ணெய் லேசு சார், அதான் தண்ணில கலக்கல.” 2023 டிசம்பர், யானைக்கவுனி டீக்கடைப் பேச்சு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் வலை, படகு, அலையாத்தி வேர் என எல்லாவற்றிலும் அப்பியிருந்தது. மீனவர்கள் அதைப் பக்கெட்டில் மொண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொன்னதில் பாதி சரி. லேசாக இருப்பதால் எண்ணெய் மிதக்கும். கலக்காததற்குக் காரணம் எடை அல்ல. எத்தனால் எண்ணெயைவிட லேசு; ஆனாலும் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும்.

பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் வலுவுக்குப் பெயர் எலக்ட்ரான் கவர்தன்மை. லைனஸ் பாலிங் 1932-இல் அதை எண்ணால் அளந்தார். இன்றைய மதிப்புகளில் ஆக்சிஜன் 3.44, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. தண்ணீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பில் வித்தியாசம் 1.24. எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் சாய, ஒரு முனையில் சிறிது எதிர்மின், மறுமுனையில் சிறிது நேர்மின்; இதுதான் முனைவு. அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். எண்ணெயின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பில் வித்தியாசம் வெறும் 0.35. பற்றிக்கொள்ள அங்கே பிடியே இல்லை.

அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஊர் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியது. அம்மோனியாவின் நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பில் வித்தியாசம் 0.84; அதனால் தண்ணீர் அதைப் பற்றிக்கொள்ளும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும். கண்ணும் தொண்டையும் முதலில் எரிந்தது இதனால்தான், அவை ஈரமானவை. அங்கே கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் அம்மோனியா இருந்தது, வரம்பு 5.

“பிணைப்பு முனைவுள்ளது என்றால் மூலக்கூறும் முனைவுள்ளதுதான்” என்பது அடுத்த நம்பிக்கை, இது படித்தவர்களுடையது. கார்பன் டை ஆக்சைடில் வித்தியாசம் 0.89, அம்மோனியாவைவிட அதிகம். ஆனால் நேர்க்கோட்டு மூலக்கூறு. வடம் இழுக்கும் போட்டிபோல, இரு பக்கமும் சமமாக இழுப்பதால் வடம் நகராது; மூலக்கூறுக்கு முனைவு இல்லை. அம்மோனியாவின் வடிவம் பிரமிடு, அங்கே இழுப்பு ஒரு பக்கம்.

வித்தியாசம் 1.7-ஐத் தாண்டினால் எலக்ட்ரான் கைமாறும் அயனிப் பிணைப்பு என்பதும் மனப்பாடக் கணக்குத்தான். ஹைட்ரஜன் ஃபுளோரைடில் அது 1.78, இருந்தும் எலக்ட்ரான்களைப் பகிரும் சகப்பிணைப்பே.

அம்மோனியா நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள். எண்ணெய் நெடிக்கு அந்த ஈரத்துணி பயன்படாது. இடத்தை விட்டு நகருங்கள்.