ஆய்வகத் தூநீரும் அதனைப் பேணும் முறையும்

தமிழ்த்துறை மலரில் ஆய்வகத்து நீரைப் பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெறுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். காரணம் எளியது. வேதியியல் துறையில் நிறுவப்பெற்ற நீர்த்தூய்மிப்புக் கருவியின் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதனை நாள்தோறும் இயக்கும் ஆய்வக உதவியாளர்களோ தமிழ் மட்டுமே படித்தறிந்தவர்கள். பராமரிப்புப் பகுதியைத் தமிழில் ஆக்கித் தருமாறு அத்துறையினர் நம்மைக் கேட்டனர். சொல்லைத் தேடப் புகுந்த நாம் பொருளையும் கற்க நேர்ந்தது. கற்றவற்றுள் இன்றியமையாதவற்றை இங்கே எடுத்துரைக்கின்றோம்.

ஆய்வகத்திற்குத் தனி நீர் எதற்கு? உப்புப் பகுப்பாய்வுத் தேர்வை எண்ணிப் பார்ப்போம். மாணவர் ஒருவர் தமக்குத் தரப்பட்ட உப்பை நீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட்டுக் கரைசலைச் சில துளி விடுகின்றார். வெண்ணிற வீழ்படிவு தோன்றுகின்றது. குளோரைடு உண்டு என்று எழுதுகின்றார். அவருக்குத் தரப்பட்டதோ நைட்ரேட்டு உப்பு. வீழ்படிவு உப்பினின்று வரவில்லை. கரைக்கப் பயன்பட்ட நீரினின்று வந்தது. மாணவர் கண்டதும் மெய், கண்டதையே எழுதினார் என்பதும் மெய். மதிப்பெண் மட்டும் போயிற்று. நீரை மட்டும் எடுத்து அதே சோதனையைச் செய்து பார்ப்பதை வெற்றுச் சோதனை என்பர். நீரைப் பேணுவோர் கற்கவேண்டிய முதற்பாடம் அதுவே.

நீரின் தூய்மையைக் கண்ணால் அறிய இயலாது. தெளிந்த நீர் வேறு, தூநீர் வேறு. கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால், கடத்துதிறன் குறையக் குறைய அயனிகள் குறைந்தன என்று கொள்கின்றோம். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒரு சென்டிமீட்டருக்கு 1000 மைக்ரோ சீமென்சுக்கு மேல் காண்பது அரிதன்று. முழுத்தூய நீரிலோ 25 பாகை செல்சியசில் அது 0.055 மட்டுமே. இதனையே தலைகீழாக்கி, மின்தடை எண் 18.2 மெகா ஓம் சென்டிமீட்டர் என்றும் கூறுவர். 1987ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரநிலை ஆய்வக நீரை மூன்று தரங்களாகப் பிரித்து, கடத்துதிறனுக்கு முறையே 0.1, 1, 5 மைக்ரோ சீமென்ஸ் என்று மேல்வரம்பு விதித்தது. குடுவை கழுவுவதற்கு மூன்றாந்தரமே போதும். எல்லாவற்றிற்கும் முதல் தர நீரைச் செலவிடுதல் வீண். செருமானிய அறிஞர் கோல்ராஷ் 1894ஆம் ஆண்டளவில் இத்தகைய தூய்மையை எட்டுதற்கு நீரை அடுத்தடுத்து 42 முறை வடித்தெடுத்தார் என்பர். இன்று அதே பணியைச் சுவரில் மாட்டிய ஒரு பெட்டி சில நிமிடங்களில் செய்கின்றது. பெட்டியைப் பேணும் பொறுப்பு மட்டும் மனிதரிடமே உள்ளது.

அப்பெட்டியினுள் நீர் செல்லும் வழியை நிரலே காண்போம். முதலில் துகள் வடிகட்டி. இது மண்ணையும் துருவையும் தடுக்கும். வெண்மை மாறிப் பழுப்பேறுவதைப் பார்த்தே மாற்றிவிடலாம். அடுத்தது கிளர்வுற்ற கரி. நகராட்சி நீரில் கலந்துள்ள குளோரினைக் கவர்வது இது. இதன் பணி முடிந்ததைக் கண்ணால் காண இயலாது என்பதே இதிலுள்ள இடர். கரி செயலிழந்தால் குளோரின் அடுத்துள்ள சவ்வைத் தாக்கி அழிக்கும். கரியின் விலை சிறிது. சவ்வின் விலை பெரிது. ஆகவே கரியைத் தவணை வைத்து மாற்றுவதே அறிவுடைமை.

மூன்றாவது நிலையே கருவியின் உயிர்நிலை. இதனை எதிர்ச் சவ்வூடுபரவல் என்கின்றோம். அழுத்தத்தால் நீர் மென்சவ்வின் ஊடே செல்ல, உப்பு பின்தங்கி வெளியேறும். நடைமுறைக்கு ஏற்ற சவ்வை 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவருள் ஒருவர் இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். மற்றவர் சிட்னி லோப். உள்ளே செல்லும் நீரின் கடத்துதிறன் 1000, வெளிவரும் நீரினது 30 எனில், நூற்றுக்கு 97 பங்கு உப்பு நீக்கப்பட்டது என்று பொருள். இக்கணக்கை வாரந்தோறும் போட்டுப் பதிவேட்டில் எழுதவேண்டும். ஒரு நாள் எண் ஒன்றையும் உணர்த்தாது. ஆறு திங்கள் எண்களை வரிசையாக நோக்கினால் 97 என்பது 95 ஆகி, 92 ஆகிச் சரிவது புலப்படும். கடினநீரின் சுண்ணாம்புப் படிவாயின் சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலத்தாலும், நுண்ணுயிர் வழுக்கலாயின் காரக் கரைசலாலும், சவ்வைச் செய்தோர் குறித்த அளவில் கழுவுதல் வேண்டும். முன்னதாக நீரை மென்னீராக்கும் அமைப்பு இருப்பின், அதற்குச் சமையல் உப்புக் கரைசல் ஊற்றத் தவறலாகாது.

இறுதியில் அயனிப் பரிமாற்றப் பிசின். ஆதம்சு, ஹோம்சு என்னும் ஆங்கில வேதியியலார் இருவர் 1935இல் செயற்கைப் பிசின்களைக் கண்டு வழிகாட்டினர். பிசின் மணிகள் உப்பின் அயனிகளை ஏற்று, ஈடாக ஐதரசன் அயனியையும் ஐதராக்சில் அயனியையும் தரும்; இரண்டும் கூடி நீராகும். மொழிபெயர்ப்பில் நமக்கு இடர் தந்த இடம் இது. பணி முடிந்த பிசினுக்குக் கையேடு கூறும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘களைத்த’ என்பது பொருள். பிசின் களைப்பதில்லை, கொள்ளுமளவு கொண்டுவிட்டது, அவ்வளவே. ஆதலின் ‘நிறைந்த பிசின்’ என்று எழுதினோம். அதைப் படித்த உதவியாளர் ஒருவர், “அப்படியானால் காலி செய்தால் மறுபடி பிடிக்குமா, சார்?” என்று கேட்டார். அமிலத்தாலும் காரத்தாலும் பிசினை மீளாக்கம் செய்யும் முறையை எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை, சொல்லே சொல்லிற்று. கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபடும் மாணவர்கள் இதனைக் கருத்திற்கொள்வாராக.

பிசின் நிறையுங்கால் முதலில் நழுவி வருவனவற்றுள் சிலிக்கா ஒன்று. அது மிகக் குறைவாகவே அயனியாவதால் கடத்துமானியில் பெரிதும் தென்படாது. எனவே மானி காட்டும் எண் நன்று என்பது கொண்டு யாவும் நன்று என முடிவு கட்டுதல் பொருந்தாது. புற ஊதா விளக்கும் இத்தகையதே. 254 நானோமீட்டர் கதிரால் நுண்ணுயிர்களைச் செயலிழக்கச் செய்யும் அவ்விளக்கு, ஆற்றல் குன்றிய பின்னும் நீலமாக எரிந்துகொண்டேயிருக்கும். ஏறத்தாழ ஓராண்டு இடைவிடாது எரிந்தபின் அதனை மாற்றவேண்டும். எரிகின்ற விளக்கை ஏன் மாற்றுகின்றீர்கள் என்று அலுவலகத்தார் வினவினால், மணிக்கணக்கு எழுதிய பதிவேட்டைக் காட்டலாம்.

இனிச் சேமிப்பு. நம் வீடுகளில் குடத்து நீர் ஓரிரவு தெளிந்தால் நன்று என்பர். தூநீருக்கு இது மறுதலை. காற்றுப் பட்டவுடன் அது கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும், 18.2 ஆக இருந்த மின்தடை எண் 1 அளவிற்கு இறங்கும், அமிலத்தன்மை எண் 7இலிருந்து 5.6ஐ நெருங்கும். கண்ணாடிக் கலத்தில் வைத்தால் கண்ணாடியினின்று சோடியமும் சிலிக்காவும் கசியும். பிளாஸ்டிக்கில் வைத்தால் கரிமப் பொருள்கள் கசியும். ஆகவே உயர்தர நீரை வேண்டும்போது பிடித்து அப்போதே பயன்படுத்தவேண்டும். பிடிக்கும்போது முதலில் வரும் சிறிதளவைக் கொட்டிவிடுதல் நலம். குழாய் முனையில் நீளமான ரப்பர்க் குழலை மாட்டித் தொங்கவிடும் வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. நுண்ணுயிர்கள் குடியேற அதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை, அதனை அகற்றிவிடவேண்டும்.

பழைய வாலை வடிகலத்தையே நம்பியிருக்கும் கல்லூரிகளும் உள. அங்கே இரண்டினை மறவாதிருந்தால் போதும். குளிர்நீர் ஓடத் தொடங்கிய பின்னரே மின்சாரம் இடவேண்டும். சூடேற்றும் சுருளில் படியும் சுண்ணாம்பை நீர்த்த அமிலத்தால் அவ்வப்போது நீக்கவேண்டும்.

தூய்மிப்பின்போது சவ்வு புறந்தள்ளும் நீர் பெரும்பாலும் எடுக்கும் நீரைவிட மிகுதி. அது சாக்கடைக்குச் செல்வது கண்டு பெரியோர் மனம் வருந்துவது இயல்பே. அதனைத் தொட்டியில் தேக்கித் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்திருப்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து விடுதல் ஆகாது.

கருவிக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது கோடை விடுமுறை. பயன்படுத்தப்படாது தேங்கிய நீரில் நுண்ணுயிர்ப் படலம் வளரும். நீர் வற்றினாலோ சவ்வு கெடும். வாரம் ஒருமுறை ஒருவர் வந்து சிறிது நேரம் இயக்கிச் செல்வது எளிய வழி. அதற்கு ஆளில்லையெனில், சோடியம் மெட்டாபைசல்பைட்டு நூற்றுக்கு ஒன்று கரைத்த கரைசலில் சவ்வைக் காத்து வைக்கலாம். கல்லூரி திறந்த அன்று வரும் நீரைத் தொட்டிக்கு விடாமல் வடிகாலில் விட்டு, கடத்துதிறன் பழைய அளவிற்கு வந்தபின் சில்வர் நைட்ரேட்டு கொண்டு வெற்றுச் சோதனை செய்து, முடிவையும் தேதியையும் பதிவேட்டில் எழுதிய பின்னரே மாணவர் மேசைக்கு நீர் அனுப்புதல் வேண்டும்.