ஐந்தொகையில் இல்லாத சொத்து

புறக்கோட்டை சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள புடைவைக் கடைகளில் துணியும் விலையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் நம் உம்மாமார் இரண்டு கடைகளைத் தாண்டி மூன்றாவதற்குள்தான் நுழைவார்கள். கணக்கீட்டில் இதற்குப் பெயர் நன்மதிப்பு.

வேடிக்கை என்னவென்றால், வியாபாரி தானே வளர்த்த நன்மதிப்பைச் சொத்தாகப் பதிய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 38 இடங்கொடுப்பதில்லை. தேறிய சொத்துப் பெறுமதியை விடக் கூடிய விலைக்குக் கடையை ஒருவர் வாங்கினால், வாங்கியவரின் ஏட்டில்தான் அது தோன்றும்.

சிரித்த முகம் முதல் தடவைக்குப் போதும். சாயம் போகும் துணியென்று விற்குமுன்னரே சொல்வதும், பெருநாள் நெரிசலிலும் பழுதானதை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பதுமே அடுத்த வருடமும் ஆளை அழைத்து வரும். வாப்பாவின் கடையைப் பொறுப்பேற்கும் மகனுக்குச் சாவியோடும் சரக்கோடும் இதுவும் சேர்ந்தே கிடைக்கிறது. ஒரே பெருநாள் வியாபாரத்தில் அதை அவர் இழந்துவிடலாம். ஏட்டில் இல்லாததால் அந்த நட்டம் அவ்வருடக் கணக்கில் தெரியாது, இலாபம்தான் தெரியும்.