வயிற்றுக்குள் ஒரு விளக்கு

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அச்செல்வத்தைக் கரைப்பதில் வயிற்று நோய்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் நம் கொங்கு நாட்டுக் கிராமங்களில் நோயைவிடக் கத்திக்கு அஞ்சுவோரே மிகுதி. "வயித்தைக் கீறிப் போடுவாங்க" என்று சொல்லியே வலியை ஆண்டுக்கணக்கில் சுமப்பார்கள். இந்த அச்சத்தைக் குறைக்க வந்ததே உள்நோக்கிக் கருவி. அது செயற்படும் விதத்தையும், அதில் நம் கோயம்புத்தூரின் பங்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒளி சென்ற வழி

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பள்ளியில் படித்தோம். வளைந்து செல்லும் உணவுப் பாதைக்குள் அதை எப்படி அனுப்புவது? 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் இரைப்பைக்குள் நேரான உலோகக் குழாயைச் செலுத்திப் பார்த்தார். குழாய் சென்றது, போதிய வெளிச்சம் செல்லவில்லை.

இதற்கு விடை நம் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. கண்ணாடிக்குள் செல்லும் ஒளி, காற்றை ஒட்டிய பரப்பில் ஏறத்தாழ 42 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் விழுந்தால் வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இதுவே முழு அக எதிரொளிப்பு. மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளி இவ்வாறு மோதி மோதி, இழை வளைந்தாலும் மறுமுனை சேர்ந்துவிடுகிறது. 1954-இல் ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் இழைக்கற்றை வழியே உருவத்தை அனுப்பிக் காட்டினர். 1957-இல் ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் வளையும் இரைப்பை நோக்கியை உருவாக்கி, முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். இன்றைய கருவிகளிலோ முனையிலேயே சிறு கேமரா இருக்கிறது.

இதன் பயனை என் வீட்டிலேயே கண்டேன். விசைத்தறித் தொழிலாளியான என் தந்தை வயிற்று வலிக்குச் சோடாவையே மருந்தாகக் கொண்டிருந்தார். அரசு மருத்துவமனையில் எண்டாஸ்கோப்பி செய்தபோது, சில நிமிடங்களில் முன்சிறுகுடலில் புண் இருப்பது தெரிந்தது. காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. இதைக் கண்டறிந்து உலகுக்குக் காட்டிய ஆஸ்திரேலியர்களான மார்ஷலும் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இரண்டு வார மாத்திரையில் தந்தைக்குக் குணமாயிற்று. கத்தி படவே இல்லை.

கோவையின் பங்கு

எல்லா நோயும் மாத்திரையில் தீராது. பித்தப்பைக் கல்லுக்கும் புற்றுக்கும் அறுவை தேவைப்படும். அங்கே உதவுவது லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் சில சிறு துளைகளிட்டு, கரியமில வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, கேமராவில் பார்த்தபடியே அறுவை செய்கிறார்கள். அவ்வாயு எரியாது, இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சுடன் வெளியேறிவிடும். ஆகவேதான் அதைத் தேர்ந்தனர்.

இத்துறையில் கோவைக்கு உலகப் பெயர் தேடித் தந்தவர் டாக்டர் சி. பழனிவேலு. நாமக்கல் பகுதியில் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் மலேசியாவில் உடலுழைப்பு வேலை செய்து, தாயகம் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 2001-இல் கோவையில் ஜெம் மருத்துவமனையை நிறுவினார். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, மார்பில் இட்ட சிறு துளைகள் வழியே உணவுக்குழாய்ப் புற்றுக்கு அறுவை செய்யும் முறையில் 130 பேரிடம் பெற்ற அனுபவத்தை 2006-இல் இவரது குழு வெளியிட்டது.

அறிவியல் மாணவனாகிய என்னை மிகவும் கவர்ந்தது 2017-இல் வெளிவந்த ஆய்வு. கணையத் தலையை ஒட்டிய கட்டிகள் கொண்ட 64 பேரைக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் திறந்த அறுவையும் மறு பிரிவுக்குத் துளை வழி அறுவையும் செய்தனர். சிக்கல்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாட்களின் இடைநிலை அளவு முன்னதில் 13; பின்னதில் 7. தறி ஓட்டுபவருக்கு அந்த ஆறு நாள் என்பது ஒரு வாரக் கூலி!

பெருகும் பருமன்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது பருமன் உடையோர். மிகுந்த பருமனுக்கு, இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் துளை வழியே அகற்றும் அறுவை உண்டு. வாய் வழியே பலூனைச் செலுத்தி நீரால் நிரப்புவதும், இரைப்பையை உள்ளிருந்தே தைத்துச் சுருக்குவதும் கத்தியில்லா முறைகள். எதைச் செய்தாலும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் இன்றிப் பயன் நிலைக்காது.

மாணவ நண்பர்களே! என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படியே. நாம் படிக்கும் அறிவியல் தேர்வுத் தாளோடு நின்றுவிடக் கூடாது. கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்கத் தடை, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றை உங்கள் ஊரில் எவரேனும் சொன்னால், சோடா வாங்கித் தராதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "இது கத்தியல்ல, விளக்கு" என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வது படித்த நம் கடமை.