ஹவாய் பெண்கள்: பந்தியில் இருந்து கையெழுத்து வரை



இந்த மாதப் பாடத்துக்காக ரொம்ப தூரம் போகப் போகிறோம். பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. இன்று அது அமெரிக்காவின் ஒரு மாநிலம். ஒரு காலத்தில் தனி ராஜ்ஜியம். 1778-இல் ஜேம்ஸ் குக் என்ற ஆங்கிலேயரின் கப்பல் அங்கே போனது. அதிலிருந்து வெளிநாட்டார் வரத்து நிற்கவே இல்லை.

அந்தத் தீவில் சமையல் யார் வேலை தெரியுமா? ஆண்கள் வேலை! குழி தோண்டி, கல்லைச் சூடாக்கி, சேப்பங்கிழங்கை வேகவைப்பது அவர்கள்தான். ஆனால் அவசரப்பட்டு சந்தோஷப்பட வேண்டாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பன்றிக்கறி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகளைப் பெண்கள் தொடவே கூடாது. மீறினால் உயிரே போகலாம்.

இதை உடைத்தது ராஜ குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேர். 1819-இல் ராஜா இறந்ததும் அவர் மனைவி காஹுமானு, புது ராஜாவோடு தானும் சேர்ந்து ஆளப்போவதாக அறிவித்தார். அவரும் புது ராஜாவின் தாயும் தூண்ட, நவம்பரில் நடந்த விருந்தில் அந்த இளம் ராஜா பெண்கள் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். தடை அன்றோடு போனது. அமெரிக்கப் பாதிரியார்கள் வந்து சேர்ந்தது 1820-இல்தான். ஆகவே வெள்ளைக்காரர்தான் இந்த விடுதலையைக் கொடுத்தார்கள் என்று சொல்வது சரியில்லை. கப்பல்காரர்கள் தடையை மதிக்காதபோதும் சாமி கண்ணைக் குத்தவில்லை என்பதை ஜனங்கள் நாற்பது வருஷமாகப் பார்த்தார்கள் என்பதும் உண்மைதான்.

பாதிரியார்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் மனைவிமார் தையல் கற்றுக்கொடுத்தார்கள். அதுவரை அந்தப் பெண்கள் ஒருவகை மல்பெரி மரத்தின் பட்டையை ஊறவைத்து, கட்டையால் அடித்து, 'கபா' என்ற துணி செய்து வந்தார்கள். கடைத்துணி வரவர அந்தத் தொழில் படுத்துவிட்டது. வெளியிலிருந்து வந்த நோய்களால் ஜனத்தொகையும் கரைந்தது. 1830-இல் ஹுலா நடனத்தைப் பொது இடத்தில் ஆடக்கூடாது என்று தடை வந்தது. தடை போட்டது கிறிஸ்தவராக மாறியிருந்த அதே காஹுமானு!

பெரிய அடி சட்டத்தில் விழுந்தது. 1840-களில் அமெரிக்க, ஆங்கிலேய முறையைப் பார்த்து ஒரு சட்டம் எழுதினார்கள். கல்யாணம் ஆனதும் பெண்ணின் பொருள் பண்டம் கணவனுக்குச் சொந்தம். அவள் நிலத்தை அனுபவிக்கும் அதிகாரமும் அவனுக்கே. தன் பேரில் அவள் ஒப்பந்தம் போட முடியாது. நமக்கு நம் பேரிலேயே பாஸ்புக் இருக்கிறதே, அவளுக்கு அது செல்லாது. வெளிநாட்டானைக் கட்டிக்கொண்ட பெண்ணின் நிலம் இப்படித்தான் அவன் கைக்குப் போனது. 1860-இல் இன்னொரு சட்டம், மனைவி கணவன் பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அதுவரை அங்கே குடும்பப் பேர் என்ற வழக்கமே கிடையாது. சொத்துரிமை திரும்பக் கிடைக்க 1888 வரை, நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1891-இல் லிலியுகலானி ராணியானார். 1893 ஜனவரியில் வெளிநாட்டு வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும், அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் கரையிறங்கி நின்ற தைரியத்தில், அவரை நீக்கினார்கள். 1895-இல் அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் சுமார் எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள். அங்கே அவரும் உடனிருந்த பெண்களும் துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு போர்வை தைத்து, நடந்தவற்றின் தேதிகளை அதில் நூலால் எழுதினார்கள். அந்தப் போர்வை இன்றும் ஹொனலுலு அரண்மனையில் இருக்கிறது.

1897-இல் நாட்டை அமெரிக்காவோடு சேர்க்க ஒப்பந்தம் தயாரானது. அப்போது பெண்கள் சங்கம் ஒன்று ஆண்கள் சங்கத்தோடு சேர்ந்து எதிர்ப்பு மனு எடுத்தது. சங்கத் தலைவி அபிகேல் கேம்ப்பெல், எம்மா நவாஹி போன்றவர்கள் தீவு விட்டுத் தீவு போய்க் கூட்டம் போட்டார்கள். பெண்கள் கையெழுத்துக்குத் தனித் தாள்கள். சேர்ந்தது 21,000-க்கு மேல். மண்ணின் மக்களே அப்போது சுமார் 40,000 பேர்தான்! பாதிரியார்கள் கொடுத்த எழுத்து எதற்குப் பயன்பட்டது, பாருங்கள். ஒப்பந்தம் நிறைவேறவில்லை. ஆனால் 1898-இல் அமெரிக்கா வேறு வழியில், நாடாளுமன்றத் தீர்மானம் போட்டு, நாட்டை எடுத்துக்கொண்டது.

அந்தத் தாள்கள் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1996-இல் நோயெனோயே சில்வா என்ற ஹவாய் பெண் ஆராய்ச்சியாளர் தேடி எடுத்தார். நகல்கள் ஹவாய்க்கு வந்தபோது, ஜனங்கள் பக்கம் பக்கமாகப் புரட்டித் தங்கள் பாட்டி, பூட்டி போட்ட கையெழுத்தைத் தேடினார்கள்.