கல்லீரல் செய்த மருந்து

அன்புள்ள இளம் மருந்து வேதியியலருக்கு,

புதிய மூலக்கூறு ஒன்றை வரைந்ததும், அது ஏற்பியில் எவ்வளவு இறுகப் பொருந்துகிறது என்ற எண்ணைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அதோடு நிற்காதீர்கள். கல்லீரல் அதை எந்த இடத்தில் மாற்றும் என்பதையும் அதே தாளில் வரையுங்கள். டெர்ஃபெனடினுக்கு நடந்ததை அறிந்தவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதில்லை.

1985இல் அமெரிக்காவில் செல்டேன் என்ற பெயரில் வந்த ஒவ்வாமை மாத்திரை அது. தும்மலை நிறுத்தும், தூக்கத்தைத் தராது. பழைய மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டப் பயந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் விழுங்கிய டெர்ஃபெனடினில் பெரும்பகுதி அதே வடிவில் ரத்தத்தை எட்டுவதே இல்லை. குடலிலும் கல்லீரலிலும் உள்ள சிஒய்பி3ஏ4 நொதி முதல் கடப்பிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். மூலக்கூறின் ஓரத்தில் ஒரே கார்பனில் மூன்று மெத்தில்கள் இருக்கும். அவற்றில் ஒன்று முதலில் ஆல்கஹாலாகி, பிறகு கார்பாக்சிலிக் அமிலமாகிறது. ஒவ்வாமையை அடக்கியது பெரும்பாலும் அந்த அமிலம்தான்!

நொதி முடங்கினால்?

பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் அதை முடக்கும்; எரித்ரோமைசினும் முடக்கும். டெர்ஃபெனடினோடு கீட்டோகோனசோலையும் எடுத்துக்கொண்ட 39 வயதுப் பெண்ணுக்கு உயிராபத்தான இதயத்துடிப்புக் கோளாறு வந்ததை 1990இல் மருத்துவர்கள் எழுதினார்கள். மாறாமல் தேங்கிய டெர்ஃபெனடின் இதயத் தசையின் ஹெர்க் பொட்டாசியம் கால்வாயை அடைக்கிறது. ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீள்கிறது. பிறகு துடிப்பு தறிகெட்டுப் போகலாம்.

அமில வடிவம் மருந்தளவில் அந்தக் கால்வாயை அடைப்பதில்லை; மூளைக்குள்ளும் எளிதில் நுழைவதில்லை. அதையே ஃபெக்சோஃபெனடின் என்று தனி மருந்தாக்கினார்கள். 1996இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 1998இல் செல்டேன் அங்கே சந்தையை விட்டுப் போனது. ஒரு மெத்தில் கார்பாக்சிலாக மாறியதில் இவ்வளவு வித்தியாசம். நம் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் செட்டிரிசினும் இதே வழியில் வந்ததுதான்: தூக்கம் தரும் ஹைட்ராக்சிசினின் ஆல்கஹால் முனை உடலில் அமிலமாகும்போது பிறப்பது அது.

அதற்காக, கல்லீரல் தருவதெல்லாம் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். பாராசிட்டமாலின் ஒரு சிறு பங்கை அதுவே நாப்கியு என்ற நச்சாக்குகிறது. வழக்கமான அளவில் குளுட்டாதயோன் அதைச் செயலிழக்க வைக்கும். அளவு மீறினால் கல்லீரல் செல்களே செத்துப்போகும்.

அமிலத் தொகுதிக்கும் ஒரு விலை உண்டு. ஃபெக்சோஃபெனடின் தானாகக் குடல் சுவரைக் கடக்கத் திணறும். கடத்திப் புரதங்களின் உதவி வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் அவற்றைத் தடுப்பதால்தான் தண்ணீரோடு விழுங்கச் சொல்கிறார்கள். ஆகவே அடுத்த மூலக்கூறில் கார்பாக்சில் சேர்க்கும்போது ஹெர்க் சோதனையோடு குடல் செல் ஊடுருவல் சோதனையையும் அதே வாரத்தில் கேட்டு வாங்குங்கள்.