தரங்கம்பாடி தேவாலயமும் நம்ம சிமெண்ட் மூட்டையும்

மாயவரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தரங்கம்பாடி. கோட்டையைப் பார்த்து, கடலில் கால் நனைத்து, சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுத் திரும்பி விடுகிறோம். வழியில் ராஜ வீதியில் நிற்கும் இரண்டு தேவாலயங்களை சிவில் மாணவர்கள்கூட எட்டிப் பார்ப்பதில்லை!

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-ல் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், தங்கள் ஆட்களுக்காக 1701-ல் சீயோன் ஆலயத்தை எழுப்பினார்கள். 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் பிரதிஷ்டை ஆனது. மறு வருஷமே அவர் காலமாகி, அதற்குள்ளேயே அடக்கமானார். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் ஃப்ரெடரிக்கின் கிரீடமும் முத்திரை எழுத்தும் இருக்கின்றன. பிளான் சிலுவை வடிவம். நான்கு கைகளும் சேரும் இடத்தில் சுவருக்குச் சுவர் முட்டுக் கொடுக்கும். பார்க்க அழகு, ஸ்ட்ரக்சருக்கும் லாபம்.

நாம் கவனிக்க வேண்டியது சுவர்தான். போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஆஸ்ப்டின் பேடண்ட் வாங்கியதே 1824-ல். அதற்கு 106 வருஷம் முன்பே எழுந்த இந்த ஆலயம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். டெல்டாவில் மலை ஏது, கல் ஏது? வண்டல் களிமண் உண்டு, சூளை உண்டு. கடற்கரையில் கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கி, மறுபடி கால்சியம் கார்பனேட்டாகவே இறுகும். அவசரக்காரர்களுக்கு ஆகாத சரக்கு!

கடலோரச் சுவரில் உப்பு ஈரம் ஏறாமல் இருக்காது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம். ஈரம் அதன் வழியே வெளியேறும். உப்பு பூச்சிலேயே படிந்து அதை உதிர்க்கும், செங்கல் பிழைக்கும். அதே சுவரில் "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்"னு சிமெண்ட் பூசினால்? ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே மாவாக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடி. உதிர்ந்த பூச்சைத் திரும்பப் பூசலாம், உதிர்ந்த செங்கல்லை என்ன செய்வது?

நாளைக்கு ஏதாவது பழைய கோயில், பள்ளிவாசல், சர்ச் ரிப்பேர் எஸ்டிமேட் நம்ம கைக்கு வரலாம். 'சிமெண்ட் பிளாஸ்டரிங் 1:4' என்று கை தானாக எழுதும். முதலில் காரையைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி தெரிந்து, ஆணியால் கீறினால் உதிர்ந்தால், அது சுண்ணாம்புக் காரை; பூச்சும் அதிலேயே போக வேண்டும். கடுக்காய்த் தண்ணீர் கலக்கும் பக்குவம் தெரிந்த பழைய கொத்தனார் யாராவது ஊரில் இருந்தால், அவரையும் கையோடு அழைத்துப் போங்கள்.