குழந்தைக்குக் காத்திருக்கும் வீட்டில் ஆண்கள் கவனிக்க வேண்டியவை

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் விசேஷம் இல்லையென்றால் மருமகளைத்தான் ஸ்கேனுக்கும் கோயிலுக்கும் அலைய வைக்கிறோம். மகன் என்ன வேலை பார்க்கிறான், அங்கே எந்தப் புகையை மூச்சில் இழுக்கிறான் என்று கேட்பவர் குறைவு. காரீயம் (சுருக்கமாக ஈயம்), காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் விந்தணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். அவற்றின் ஓட்டத்தையும் உருவத்தையும் கெடுக்கும். ருமேனியாவில் பேட்டரி ஆலைத் தொழிலாளர்களைச் சோதித்த மருத்துவர்கள் காரீயத்தைப் பற்றி 1975-லேயே இதை எழுதிவிட்டார்கள்.

ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு 3 மாதம் முன்பாவது இந்தக் கவனம் தொடங்க வேண்டும்.

1. பேட்டரி கடை, ரேடியேட்டர் பட்டறை, பெயின்டிங், சாலிடரிங் வேலைக்குப் போகிறவர்கள் வேலை உடுப்போடு வீட்டுக்குள் வர வேண்டாம். பட்டறையிலேயே மாற்றி, தனிப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். துவைக்கும் முன் உதறாதீர்கள், தூசி பறக்கும். மற்றவர் துணியோடு சேர்க்காமல் தனியாக ஊறவையுங்கள்.

2. பட்டறையில் உட்கார்ந்து டீ குடிப்பதும் வடையைக் கையில் எடுப்பதும்தான் பலருக்கு ஈயம் உள்ளே போகும் வழி. நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெளியே வந்து சாப்பிடுங்கள்.

3. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதீர்கள். காலி வயிற்றில் ஈயம் அதிகமாக உறிஞ்சப்படும். உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தாலும் அப்படித்தான். காலையில் கேழ்வரகுக் கூழோ களியோ, மதியம் முருங்கைக்கீரை, ஒரு டம்ளர் மோர் என்று வழக்கப்படுத்துங்கள். சாப்பாடு ஈயத்தை விரட்டிவிடாது, உள்ளே போவதைக் குறைக்கும்.

4. ரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருக்கிறீர்களா? நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் எங்கள் பாட்டி காலிச் சொம்பை ஒரு நாளும் அடுப்பில் ஏற்ற விட்டதில்லை. புளித்தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தீயே மூட்டுவார். ஆனால் வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு. இரண்டையும் கலந்து சொம்பு செய்தால், புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். சொம்பின் அடியை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு போலக் கறுப்பாக விழுந்தால் அதை அடுப்பிலிருந்து ஓய்வெடுக்க விடுங்கள். கோடு விழவில்லை என்பதற்காக மட்டும் நம்பிவிட முடியாது. தெரிந்த கடையில் கேட்டு வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் எவர்சில்வரிலேயே ரசம் வையுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

5. நகைப் பட்டறை வீட்டிலேயே இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கடைகளில் கே.டி.எம். நகை என்று கேட்டிருப்பீர்கள். அது பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதில் காட்மியம் சேர்த்த நகை. தங்கம் 1,064 டிகிரியில் உருகும். காட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே ஊதுகுழல் தீ பட்ட மறு நொடியே அது புகையாக எழுகிறது. விளக்குக்கு முகம் கொடுத்துக் குனிந்திருக்கிறவரின் நுரையீரலுக்குத்தான் முதலில் போகிறது. சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 வருஷம் பிடிக்கும். விதைப்பையில் விந்தணு உருவாகும் இடத்தைக் காக்கும் தடுப்பையும் அது குலைக்கிறது. நகையைப் போட்டுக் கொள்கிறவருக்கு ஆபத்தில்லை, செய்கிறவருக்குத்தான். ஹால்மார்க் விதிகள் காட்மியத்தை ஏற்பதில்லை. பழைய கே.டி.எம். நகையை உருக்க வேண்டி வந்தால் படுக்கையறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். புகையை வெளியே இழுக்கும் விசிறி உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

6. எவர்சில்வர் வெல்டிங் புகையில் குரோமியமும் நிக்கலும் இருக்கும். 2003-ல் ஐதராபாத் ஆய்வாளர்கள் வெல்டர்களின் விந்தணுக்களில் குறை கண்டார்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்தப் புகையை நிறுத்தாது. உலோகப் புகைக்கென்றே உள்ள முகமூடி வேண்டும்.

7. பீடி, சிகரெட். புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் சேர்த்து வைக்கும் தன்மை உள்ளது. பட்டறைப் பக்கமே போகாத ஆணுக்கும் காட்மியம் சேரும் பெரிய வழி இதுதான். விட்டுவிடுங்கள்.

8. லாட்ஜில் அறை எடுத்து, 'ஆண்மைக்குறைவா?' என்று போஸ்டர் ஒட்டி விற்கும் லேகியத்தையும் செந்தூரத்தையும் தொடாதீர்கள். அவற்றில் சேரும் லிங்கம் என்பது பாதரசம் கலந்த தாது, தாளகம் என்பது ஆர்செனிக் கலந்த தாது, நாகம் துத்தநாகம், வங்கம் ஈயம். முறையாகச் செய்தோம் என்பவர் அதற்கான பரிசோதனைச் சான்றைக் காட்டட்டும். 2008-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிச் சோதித்த 193 ஆயுர்வேத மருந்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பிள்ளை வேண்டி வாங்கிய மருந்தே பிள்ளைக்குத் தடையாகிவிடும் கொடுமையை என்னால் பொறுத்துக் கொள்ள முடியவில்லை. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும், உள்ளே என்ன உலோகம் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

9. பழைய ஜன்னல், கதவைப் பெயின்ட் அடிக்க உப்புத்தாள் போடும்போது முதலில் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேயுங்கள். நம் நாட்டில் 2017 நவம்பர் முதல்தான் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை நம்ப வேண்டாம்.

10. கடலோர வீடுகளில் வலைக்கான ஈயக்குண்டைச் சமையல் அடுப்பில் உருக்குவதும், பல்லால் கடித்து நசுக்குவதும் உண்டு. இரண்டுமே கூடாது. குறடால் நசுக்குங்கள்.

11. மீனில் பாதரசம் பற்றிப் பயந்து மீனையே விட வேண்டாம். சுறா, மயில்மீன் போன்ற பெரிய மீன்களில்தான் அது கூடுதல். மத்தியும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடலாம்.

12. மேலே சொன்ன வேலைகளில் இருப்பவர் இரத்தத்தில் ஈய அளவு பார்த்துக் கொள்ளலாம். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலோகத்தை வெளியேற்றும் மருந்து என்று யார் விற்றாலும் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது, அது டாக்டர் தீர்மானிக்க வேண்டியது.

13. குழந்தையின்மைக்கு டாக்டரிடம் போகும்போது கணவரும் மனைவியும் சேர்ந்தே போங்கள். விந்துப் பரிசோதனை செலவு குறைந்தது, வலியில்லாதது. அதை முதலிலேயே எடுத்துவிடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: என்ன தொழில், எத்தனை வருஷம், பட்டறை வீட்டில்தானா.